நா இல்லாத பெயர்

தனுஜாவின் அப்பா பெயரில் ஒரு 'நா' குறைவு. பெற்றவர்கள் வைத்தது விஸ்வநாதன். பதிவு அலுவலகத்தில் எந்தக் குமாஸ்தாவுக்கு என்ன அவசரமோ, ரோமன் எழுத்தில் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு விஸ்வாதன் என்று அடித்துக் கொடுத்துவிட்டார். திருத்தச் சொல்லிப் போனபோது இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த இன்னொரு நாளுக்கு ஒரு நாள் கூலி போகும். அதற்குப் பிறகும் இன்னொரு நாள் இருக்கும். கூலிக்காரன் பெயரைத் தப்பாக எழுத ஒரு நிமிடம் போதும். திருத்துவதற்கு அவன் ஆயுள் போதாது. அவர் விஸ்வாதனாகவே அடையாள அட்டை எடுத்தார், லாரி லைசென்ஸ் எடுத்தார், கல்யாணத்தைப் பதிந்தார். பிறந்த மகளையும் அப்படியே பதிந்தார். தனுஜா ஏ/பி விஸ்வாதன். ஏ/பி என்றால் இன்னாருடைய மகள். மலேசியத் தமிழ்ப் பெண்ணின் பெயருக்கும் அவள் அப்பா பெயருக்கும் நடுவே அந்தச் சாய்ந்த கோடு நிற்கும்.

"என் நாக்கக் குமாஸ்தா எடுத்துட்டான்" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். நிஜமாகவே அதிகம் பேசாத மனிதர். தனுஜா இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஈப்போவுக்கு லோடு என்று சொல்லி லாரியை எடுத்துக்கொண்டு போனார். அதுவே அவர் அந்த வீட்டில் சொன்ன கடைசிப் பேச்சு. கூட லாரி ஓட்டிய ஹனீபாதான் பிறகு ஒருநாள் வந்து, உள்ளே வந்து உட்காரக்கூட மாட்டாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்: புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வேறு குடும்பம் இருக்கிறது, அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

"என்ன பேரு வச்சிருக்காராம் அண்ணே?" என்று அம்மா கேட்டார்.

ஹனீபா கேட்டு வரவில்லை. எத்தனையோ கேட்டிருக்கலாம், அம்மாவுக்கு ஏன் அந்தக் கேள்வி முதலில் வந்தது என்று தனுஜாவுக்கு அப்போது விளங்கவில்லை. அவள் மனதில் ஒன்றுதான் தங்கியது. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

அம்மா கௌரி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து அவளை வளர்த்தார். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தார், புருஷன் திரும்பி வரவேண்டும் என்று. தனுஜாவுக்குப் பதினைந்து வயதானபோது சொல்லிவிட்டாள்: "லாரி ஏறிப் போனவரு மா அவரு. மேகத்துல ஏறிப் போகல. முருகன் எதுக்குத் தேடணும்? பஸ் ஏறினா பட்டர்வொர்த், அதுக்கு அடுத்தது அவரு இருக்கிற ஊரு." அம்மா பஸ் ஏறவில்லை, மகளையும் ஏறவிடவில்லை. பிறகு அப்பா இறந்துபோன செய்தியும் ஹனீபா வழியாகத்தான் வந்தது, காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து. அதன்பிறகும் அம்மா மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. இப்போது எதற்கு என்று கேட்டால், "பழக்கமாயிடுச்சு" என்பார்.

தங்கையைத் தேட தனுஜாவிடம் இருந்தது அந்தத் தப்பான பெயர் மட்டும்தான். நாட்டில் விஸ்வநாதன்களுக்குக் குறைவில்லை. விஸ்வாதன் அவள் அறிந்து ஒருவர்தான். அந்தப் பெயரைப் பின்னால் சுமக்கிறவள் எவளோ அவளே தங்கை. ஆனால் இணையத்தில் அந்தப் பெயரை அடித்தால், விஸ்வநாதனையா தேடுகிறாய் என்று அது திருப்பிக் கேட்டது. மனிதர்களும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் பெயரை வாசித்த தமிழர்கள் எல்லோரும் இல்லாத 'நா'வைத் தாங்களே சேர்த்துக்கொண்டுதான் வாசித்தார்கள். சிலர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "தப்பா அடிச்சிட்டான்மா" என்று இரக்கப்பட்டார்கள்.

தனுஜாவுக்கு இப்போது முப்பத்தாறு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறாள். தொழிற்சாலைகளுக்கு வாசல் அட்டை, பஸ்ஸில் வரும் ஆள் கணக்கு, ஷிப்ட் கணக்கு எல்லாம் அவர்கள் செய்து கொடுப்பது. ஜெலுத்தோங்கில் அம்மாவோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள், மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாள். ஆபீசில் அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. தனுஜா எதற்கெடுத்தாலும் லூப் எழுதுவாள்.

கணினிக்குள் ஒரு கூட்டத்தைக் கையாள இரண்டு வழி இருக்கிறது. லூப் என்பது சுற்று. வெறும் பட்டியல் ஒன்றை முதலில் வைத்துக்கொள், ஆளைக் கூப்பிடு, பெயரை எடு, பட்டியலில் போடு, அடுத்த ஆளைக் கூப்பிடு என்று அடியடியாகச் சொல்வது. இன்னொன்று செலக்ட் என்று எழுதும் ஒற்றை வரி. ஒவ்வொருவரிடமிருந்தும் என்ன வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் பாடு. கேட்காத எதுவும் கூட வராது.

"காக் தனு, இன்னும் லூப்பா?" என்று பக்கத்து மேசை ஹஸ்ருல் மலாயில் கேட்பான். "நான் ஒரு வரியில் முடிக்கிறதுக்கு நீங்கள் ஒரு முழம் எழுதுகிறீர்கள்."

மலாயில் அக்காவுக்குக் காக். ஒருமுறை அவன் தொலைபேசியில் கூப்பிட்டது அம்மா காதில் விழுந்தது. "யாருடி அது, காக்கா மாதிரி கத்துறான்?"

எது எங்கே சரி என்று தனுஜாவுக்கு நன்றாகத் தெரியும். ஆளுக்கு ஆள் ஏதாவது காரியம் செய்யவேண்டியிருந்தால், வாசல் இயந்திரத்தில் பதிவது, செய்தி அனுப்புவது, பாதியில் பிழை வந்தால் நிற்பது என்றிருந்தால் லூப்தான். ஒன்றை இன்னொன்றாக மாற்றி எடுத்தால் போதும் என்றால் செலக்ட். ஹஸ்ருல் ஒருமுறை பஸ் வரும் நேரத்தை ஆட்களுக்கு அனுப்பும் வேலையைப் போய் செலக்டுக்குள் வைத்தான். சோதித்துப் பார்த்ததில் ஒரு செய்தியும் போகவில்லை. அந்த வரிக்கு ஒரு குணம் உண்டு. யாராவது விடையைக் கேட்கும்வரை அது ஓடாது, எழுதிய இடத்திலேயே சும்மா காத்திருக்கும். அவன் விடையைக் கேட்கவே இல்லை.

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச வரி லா அது" என்று, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு சிரித்தான் அவர்களுடைய மேலாளர் கோகுலன். "கூப்பிடாத வீட்டுக்குப் போகாது."

இவ்வளவும் தெரிந்தும் அவள் லூப்பையே எழுதினாள். காரணம் உள்ளே இருந்தது. சுற்றுக்கு நடுவில், வேலைக்குத் தேவையே இல்லாத ஒரு வரியை அவள் எப்போதும் வைப்பாள். வருகிற ஆளின் முழுப்பெயரைத் திரையில் காட்டும் வரி. பெயர்கள் ஓடும். அவள் சாய்ந்த கோட்டுக்கு வலப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனையோ தொழிற்சாலைகளின் பெண்கள் அப்படி அவள் கண்முன் ஓடிப் போனார்கள். ஒருநாள் வீட்டில் வைத்து அந்த வேலையைச் செய்தபோது பின்னால் நின்று பார்த்த அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"நான் கோயிலச் சுத்துறேன். நீ பேரச் சுத்துற. பெரிய பகுத்தறிவு!"

தனுஜாவுக்கு அது உண்மை என்று பட்டது. அதனால் கோபம் வந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். முன்பு ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஒருவன், இவர்களுடைய மென்பொருளில் இருந்த ஒரு பெண்ணின் கைப்பேசி எண்ணை எடுத்து, ராத்திரியும் பகலும் அவளைத் தொந்தரவு செய்தான். அந்தப் பெண் வேலையை விட்டுப் போனாள். சூப்பர்வைசர் அங்கேயே இருந்தான். "சின்ன விஷயம் லா தனுக்கா, அவங்க பாத்துக்குவாங்க" என்றான் கோகுலன். தனுஜா மேசையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வேல வேணும்னு குடுத்த நம்பர் தம்பி அது. அவனுக்கா குடுத்தா? ஒரு பொண்ணு சோத்துக்கு வழியில்லாம போயிருக்கா, சின்ன விஷயமா?" வாரக்கணக்கில் அவள் விடவில்லை. கடைசியில் நிறுவனத்தில் ஒரு விதி வந்தது. வேலைக்குத் தேவைப்படாத விவரத்தை யாரும் எடுக்கக்கூடாது, பார்க்கக்கூடாது, சொந்தக் காரியத்துக்குத் தொடவே கூடாது. எழுதியவள் அவளேதான்.

எழுதிய பிறகும் தன் லூப்புக்குள் இருந்த அந்த ஒரு வரியை அவள் எடுக்கவில்லை. பார்ப்பதோடு சரி, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சூப்பர்வைசரும் முதலில் பார்க்கத்தான் பார்த்திருப்பான் என்ற நினைப்பு வரும்போது, வேறு வேலைக்கு எழுந்து போய்விடுவாள்.

இந்த வருஷம் புக்கிட் மெர்தாஜாமுக்குப் பக்கத்தில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் வாசல் வேலை வந்தது. ஒப்பந்த ஆட்களின் விவரத்தை ஏஜெண்ட் அனுப்பிவைத்தான். ஒப்பந்த ஆட்களுக்குப் பெயர் எதற்கு, அட்டையில் நம்பர் போதும் என்று அவன் சொன்னதற்கும் அவள்தான் சண்டை பிடித்தாள். மாட்டுக்குத்தான் நம்பர் அடிப்பார்கள், மனுஷிக்குப் பெயர் வேண்டும் என்றாள். அட்டையில் ஆளின் பெயர் மட்டும், அப்பா பெயர் இல்லாமல் என்று முடிவானது. பெயரை, இன்னாருடைய மகள், மகன் என்று சொல்லும் ஏ/பி, ஏ/எல், மலாய்ப் பெயர்களில் பிந்தி, பின் என்று வருகிற இடத்தில் வெட்டி முன்பாதியை எடுக்கவேண்டும். செலக்டுக்கென்றே பிறந்த வேலை. அவள் லூப் எழுதினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். அவள் ஓட்டிவிட்டாள். பெயர்கள் ஓடின. ஓடி முடிந்த பிறகுதான் எதையோ கண்டோம் என்று அவளுக்குப் பட்டது. மேலே நகர்த்திப் போய்ப் பார்த்தாள்.

ஷர்மினி ஏ/பி விஸ்வாதன்.

கண்ணே 'நா'வைத் தின்றிருக்குமோ என்று எழுத்து எழுத்தாக வாசித்தாள். இல்லை. பெயருக்குப் பக்கத்துக் கட்டங்களில் வயது, விலாசம், கைப்பேசி எண். எல்லாம் இருந்தன. ஒரு விரல் தட்டினால் அந்தப் பக்கம் ஒரு பெண் ஹலோ சொல்வாள். தனுஜா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரை தானாக அணையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் எழுதியதைச் சரிபார்க்க ஹஸ்ருலுக்கு முறை. நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"காக், லூப்பை விடுங்கள், அது உங்கள் பழக்கம். இந்த வரி எதற்கு? முழுப்பெயரைக் காட்டுகிறது. நமக்குத் தேவை முன்பாதிதானே? உங்கள் விதியை நானா உங்களுக்குச் சொல்லவேண்டும்?"

கேலியாகத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஒரு பெயரைத் தேடுகிறேன்" என்றாள் தனுஜா. "ரொம்ப நாளாக."

"ஓ." அவன் திரைப் பக்கம் திரும்பினான். "கிடைத்ததா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"அப்படியென்றால் இந்த வரியை நீங்களே அழித்துவிடுங்கள் காக். நான் அழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டான்.

அவள் அந்த வரியை அழித்தாள். பிறகு லூப் முழுவதையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினாள். பெயரை வெட்டி, முன்பாதியை எடு. படித்தவுடன் என்ன வேண்டும் என்பது தெரிந்தது. யாருடைய அப்பாவும் அதில் இல்லை. நல்ல நிரல்தான், இத்தனை வருஷம் ஹஸ்ருல் சொன்னது சரிதான் என்று அவள் அறிவு ஒப்புக்கொண்டது. நெஞ்சில் மட்டும் ஒரு கதவைத் தானே சாத்திவிட்டு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

அன்று மாலை அம்மாவிடம் மறைக்க முடியவில்லை.

கௌரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நம்பர் இருக்குன்னு சொல்ற. அடிச்சுக் கேளேன்டி."

"அந்தப் புள்ள அத என்கிட்ட குடுக்கல மா. வேலைக்குக் குடுத்தா."

"நீ யாரோவா? அக்கா!"

"அவனும் ஏதோ ஒரு உறவு சொல்லித்தான் மா ஃபோன் அடிச்சான், அந்தச் சூப்பர்வைசர். எனக்கு ஒரு நியாயம் அவனுக்கு ஒரு நியாயமா?"

"நியாயம், நியாயம்! உங்கப்பன் நாக்கு இல்லாம போனான். நீ நியாயத்த வச்சுக்கிட்டு வாய மூடிக்க." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு குரல் இறங்கியது. "பேரையாவது சொல்லுடி. என்ன பேரு வச்சாரு?"

தனுஜா வாயைத் திறந்தாள். அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அதையும் அவள் எங்கிருந்து எடுத்தாள்? அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

புது வாசல் திறக்கும் நாளில் புக்கிட் தெங்காவுக்கு ஆள் போகவேண்டும், இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க. நான் போகிறேன் என்றாள் தனுஜா. ஹஸ்ருல் காரை ஓட்டினான். கடல் பாலத்தின் மேல் போகும்போது விடிந்துகொண்டிருந்தது.

வாசலில் அவளுக்கு வருகையாளர் அட்டை கொடுத்தார்கள். அவளுடைய நிரலே அச்சடித்த அட்டை. தனுஜா என்று மட்டும் இருந்தது. அவளே எழுதிய வரி அவளுடைய அப்பாவையும் வெட்டிவிட்டிருந்தது. சரியாகத்தான் வேலை செய்கிறது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு காவலாளி ராமுவிடம் தடித்த மார்க்கர் ஒன்றை வாங்கி, தன் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினாள். ஏ/பி விஸ்வாதன். இது அவளுடைய சொந்தப் பெயர். யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. அதைத் தன் நெஞ்சில் மாட்டிக்கொள்ள எந்த விதியும் தடுக்காது.

ராமு எட்டிப் பார்த்தார். "விஸ்வநாதன். ஏம்மா, சொந்த அப்பா பேர நீயே தப்பா எழுதலாமா லா?"

"அவரே அப்படித்தான் எழுதுவாரு அண்ணே."

தொழிற்சாலை பஸ்கள் வந்து நின்றன. ஒப்பந்த ஆட்களுக்குத் தனி வரிசை, நிழல் இல்லாத பக்கம். ஒரு நிமிடம் பிந்தினாலும் அந்த மாத அலவன்ஸ் போய்விடும் என்பதால் எல்லோரும் பாதி ஓட்டமாகவே வந்தார்கள். அட்டையைக் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்து திரையில் பெயர் வரும். ஐனா. கோமதி. தனுஜா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சிலர் அவள் அட்டையைப் பார்த்தார்கள், பலர் பார்க்கவில்லை. யாரையும் அவள் நிறுத்தவில்லை.

பச்சை விளக்கு. ஷர்மினி.

ஒல்லியான பெண், தோளில் பை, ஈரம் காயாத முடி. அப்பா முகமா என்று பார்க்க நினைத்தாள் தனுஜா. அப்பா முகமே அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் பெண் இரண்டடி உள்ளே போய்விட்டாள். தனுஜா கூப்பிடவில்லை.

அந்தப் பெண் நின்றாள். திரும்பி வந்தாள். கண்கள் தனுஜாவின் முகத்தில் இல்லை, நெஞ்சில் மாட்டியிருந்த அட்டையில் இருந்தன.

"தனுஜா ஏ/பி விஸ்வாதன்" என்று வாசித்தாள்.

தடுமாறவில்லை. திருத்தவில்லை. இல்லாத எழுத்தைச் சேர்க்கவில்லை. தனுஜாவின் முப்பத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை அது இருக்கிறபடியே வாசித்த முதல் தமிழ் ஆள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே சைரன் ஊதியது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள், "சீக்கிரம் போ லா!" என்று கத்தினார்கள்.

"ஷிப்ட் மூணு மணிக்கு முடியும்" என்றாள் அந்தப் பெண் அவசர அவசரமாக. "இங்கதான் இருப்பீங்களா?"

"இருப்பேன்."

அவள் ஓடினாள். கதவுக்குள் போகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாளா, பின்னால் வந்தவர்கள் மறைத்துவிட்டார்கள்.

பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. "போகலாமா காக்?" என்று கேட்ட ஹஸ்ருல், வரிசைப் பக்கம் அவள் பார்வை போவதைக் கண்டான். ஒரு தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனான். தனுஜா வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அட்டையைக் கழற்றவில்லை. வெயில் ஏறி நிழல் அவள் காலடிக்கு வந்துவிட்டது. கேட்டால் என்ன சொல்வது, எங்கே தொடங்குவது, அவர் உங்கள் வீட்டிலாவது பேசினாரா என்று எப்படிக் கேட்பது.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"கூப்பிட்டியாடி அவள?"

"நான் கூப்பிடல மா. அவளாத்தான் வந்து கேட்டா. மூணு மணிக்கு வருவா."

"பேரு என்னடி? இப்பவாவது சொல்லேன்."

தனுஜா எதிரே மூடியிருந்த வாசலைப் பார்த்தாள்.

"அவளே சொல்லட்டும் மா" என்றாள்.